பச்சை என்று வாங்கிய புடவை

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

உன் முட்டிவலி இப்போது தேவலையா, வர்ஷா ஒழுங்காகக் காலேஜ் போகிறாளா? இங்கே காட்டுப்பாக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்த குறையும் போன செவ்வாயோடு போய்விட்டது. வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்துவிட்டார்கள். போனில் சொன்னால் பதறிப்போய் பஸ் ஏறிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, வலியும் இல்லை.

என்னோடு வாட்ச்மேனாக இருக்கும் தேவாதான் சொட்டு மருந்து விடுகிறான். "நைனா, ஆடாம மேல பாத்துகினு இரு" என்று அதட்டுவான். அவன் வேறு ஷிப்டுக்குப் போனால் நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில்தான் விழுகிறது.

கட்டைப் பிரித்ததும் போனில் உன் பொங்கல் போட்டோவைத்தான் பார்த்தேன். உனக்குப் பிடிக்குமே என்று பச்சை தேடி வாங்கினேனே, அந்தப் புடவை நல்ல நீலம். இடது கண்ணால் பார்த்தால் இன்னும் பச்சை. மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. தெருவே அதை நீலமாகப் பார்த்திருக்கும். நீ மட்டும் "பச்சை எனக்கு எடுப்பா இருக்குல்ல" என்று கேட்டாய்.

அடுத்த மாதம் இடது கண். அதற்கு நீ வா. கருப்பட்டியும் என் பழைய போர்வையும் எடுத்து வா. தேவா டீக்குக் கூப்பிடுகிறான், முடிக்கிறேன். கட்டுப் பிரிக்கும்போது அந்தப் புடவையில் எதிரே நில். என்ன கலர் என்று இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

உன்
முத்தையா