ஓரத்தில் எழுதிய ஒரு சொல்

வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நானும் பெண்ணும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. வந்து பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. வாளியை மாற்றி மாற்றி வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த நாட்டில் நீங்கள் போட்ட தண்டவாளத்தில் சோதனை ஓட்டம் என்ற பெயரில் தினமும் நான்கு ரயில் ஓடுகிறதாம், ஜனங்கள் இடமில்லாமல் நின்றுகொண்டு போகிறார்களாம். காகிதத்தில் மட்டும் வேலை முடியவில்லையாம். ஏழு மாதமாக இதே பாட்டு. படிக்கவே எரிச்சலாக இருக்கிறது.

நேற்று ஆபீசில் நம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பாதை போட்ட ஒப்பந்தப் பணத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்தை நம் அரசு வங்கி அந்த நாட்டுக்குக் கடனாகக் கொடுத்து, நம் கம்பெனிக்கு நேராகவே செலுத்திவிட்டது. மீதிப் பதினைந்தை அவர்களுடைய ரயில்வே அவர்கள் நாட்டுக் காசில் தர வேண்டும். அந்தக் காசின் மதிப்போ பாதியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் உள்ள தொகையை வாங்கிக்கொள் என்கிறார்கள் அவர்கள். குறைந்ததையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பாதையை ஒப்படைப்பேன் என்கிறார் நம் முதலாளி. நடுவில் நீங்கள் அடகு வைத்த பொருள் மாதிரி அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

காசு விழுந்தா ஈடுகட்டத்தான் அரசாங்கக் காப்பீடு இருந்துச்சே, அது இல்லாம கையெழுத்துப் போட்டது உன் வீட்டுக்காரர்தானேம்மா, அவரே இருந்து வாங்கிட்டு வரட்டும் என்றார் முதலாளி. இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்லி என்னையே உங்களுக்கு எழுதச் சொன்னார்.

என் இடத்துக்கு வந்து பழைய கோப்பை எடுத்தேன். அவர் பார்த்தது கடைசியாகத் தட்டச்சு செய்த தாளை. அதற்கு முன்னால் தயாரித்த வரைவுத் தாள் ஏற்றுமதிப் பிரிவில், என் அலமாரியில்தான் இருக்கிறது. காப்பீட்டுக் கட்டணத்துக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் ‘தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறது. கீழே இருக்கிற கையெழுத்து உங்களுடையது. ஓரத்தில் இருக்கிற கையெழுத்து என்னுடையது. விலை குறைந்தால்தான் டெண்டர் கிடைக்கும் என்று எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். பத்து வருடமாக அசையாத காசு இனிமேலா அசையப் போகிறது என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். நீங்கள் என்னை நம்பினீர்கள்.

என் எழுத்து உங்களுக்குத் தெரியாதா? எத்தனை கடிதம் எழுதினீர்கள். அங்குள்ள வெயில், கேன்டீன் சோறு, தூங்கவிடாத கொசு. இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. என்னைக் காப்பாற்றியதாக நினைப்போ? எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. முதல் மாதமே நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். இந்நேரம் குழாயும் சரியாகியிருக்கும்.

திங்கட்கிழமை அந்தத் தாளை முதலாளி மேசையில் வைக்கப் போகிறேன். வேலை போனால் போகட்டும். யாராவது அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் நான் வந்து உட்காருகிறேன். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்க, இரண்டு பேரில் நீங்கள்தான் லாயக்கு என்று இப்போது நிரூபணமாகிவிட்டது.

புறப்படும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். நாங்கள் இருவரும் விமான நிலையத்துக்கு வருவோம். போன தடவை மாதிரி, வரத் தேவையில்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல்லை இனி நம் வீட்டில் யாரும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓரத்துக் கையெழுத்துக்குச் சொந்தக்காரி