ஒரு சுழி கூடிப்போன மனு

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் விளக்கெண்ணெய் வாசம் வந்தது. விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள் பிசுபிசுவென்று இருந்தன. நேற்று இருட்டிய பிறகு கை கழுவாமல் வந்து, மறுபடி கடையைத் திறந்து யாருக்கோ வருமானச் சான்று விண்ணப்பம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். துடைக்கத் துணியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். வெளியே செஞ்சிக் கோட்டை ராஜகிரியின் தலை பனிக்குள் போயிருந்தது. அடிவாரப் பாறைகள் மட்டும் தெரிந்தன. இப்படிப்பட்ட காலைகளில் மலை அங்கே இருக்கிறதா, பழக்கத்தில் நாமே நினைத்துக்கொள்கிறோமா என்று எனக்குச் சந்தேகம் வரும். உன் விஷயத்திலும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது.

நீ முதன்முதலில் அந்த ஓலையைக் கொண்டுவந்ததும் இதே மேசைக்குத்தான். சந்தை நாள். தொண்டூர் பஸ்ஸில் இறங்கி, செய்தித்தாளில் சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலும் நீ இப்படித்தான், ஓணானோ பொன்வண்டோ ஏதாவது ஒன்று உன் பையில் இருக்கும். நான் தள்ளி உட்காருவேன். நாற்பது வருஷம் கழித்தும் என்னை அறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். நீ சிரித்துவிட்டு, தென்னை ஓலையைப் பிரித்துத் திருப்பிக் காட்டினாய். அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ வரைந்திருந்தது. பச்சரிசி மாவில் யாரோ பொறுமையாகக் கோலம் போட்டுப் பழகியதைப்போல இருந்தது.

சுருள் வெள்ளை ஈ என்றாய். அது முட்டை வைப்பதே அப்படிச் சுழித்துச் சுழித்துத்தானாம். மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பந்தியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாய். பந்தலில் கட்டியிருந்த பச்சை மட்டைகளில் இதே சுழி. மட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறாய். பிறகு அதற்கு முந்தைய கல்யாணம், அதற்கும் முந்தைய காதுகுத்து என்று பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறாய்.

"பூச்சி பறந்து வரலடீ. பத்திரிகை வச்சி அழைச்ச மாதிரி பந்தல் பந்தலா வந்துக்கீது" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை உன் தோப்புக்கு அழைத்துப் போனாய். ஏரிக்கரைக்குக் கீழே பதினெட்டு மரங்கள். உன் வீட்டுக்காரர் போன பிறகு உனக்கென்று இருந்தவை அவைதான். மதிய வெயிலில் நின்றுகொண்டிருந்தேன், கன்னத்தில் தூறல் விழுந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நீ என் கையைப் பிடித்து விரலை நாக்கில் வைக்கச் சொன்னாய். இனித்தது. பூச்சி ஓலையின் சாற்றைக் குடித்து மிச்சத்தைக் கழிக்கிறது, அதுதான் இந்தத் தூறல் என்று அதற்கப்புறம் சொன்னாய், பாவி. கீழ் மட்டைகள் எல்லாம் அந்த இனிப்பில் கரும்பூஞ்சை பிடித்துக் கரியாகத் தொங்கின. அவ்வளவு அழகான இடத்தில் அவ்வளவு கெட்டது நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தலையெல்லாம் ஒட்ட ஒட்ட வெகுநேரம் நின்றோம். இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தூறலில்தான் நீ நிற்கிறாய்.

காய் சிறுத்துப்போய்விட்டது. உன் மகன் மரங்களை வெட்டிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தான். கோடைக்குள் ஏதாவது செய்ய வேண்டும், மழையில்லாத காய்ச்சலில்தான் பூச்சி பெருகும் என்றாய். ஆனால் நீ மட்டும் செய்து பயனில்லை. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஒட்டுப்பொறியாகத் தூரில் கட்டினாய், மஞ்சளைப் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டன. ஓலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாய், உதிர்ந்தன. ஒரு வாரத்தில் பக்கத்துத் தோப்பிலிருந்து மறுபடி வந்து குடியேறின. அந்தத் தோப்புக்காரர் விஷம் அடித்ததில், பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன.

ஆகவே மனு. நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எல்லா ஊரிலும் ஒரே நாளில் பொறி கட்ட வேண்டும், அன்றைக்கே தண்ணீர் அடிக்க வேண்டும், பூச்சி பிடித்த தோப்பிலிருந்து கல்யாணத்துக்கு மட்டையோ நடுவதற்குக் கன்றோ வெளியே போகக்கூடாது, இதை அரசாங்கம் ஒரு திட்டமாகவே போட வேண்டும். இரண்டு பக்கம் வந்தது. நீ வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். நான் அடித்ததாயிற்றே என்ற நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்க வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க வந்தவர்களுக்கு அடித்து அடித்து என் விரல் அதிலேயே ஊறிப்போயிருந்தது. முதல் வரியில் மஞ்சள் ஒட்டுப்பொறி என்பதற்குப் பதில் மஞ்சள் ஓட்டுப்பொறி என்று அடித்திருக்கிறேன். பிறகு அந்தச் சொல்லையே நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறேன். எழுத்தின் அடியில் ஒரே ஒரு சுழி கூடிவிட்டது. எல்லாக் கிராமங்களிலும் ஒரே நாளில் மஞ்சள் ஓட்டுப்பொறி வைக்க வேண்டும் என்று நீ அரசாங்கத்தைக் கேட்டிருந்தாய்.

ஒரு மாதம் கழித்து யாரோ உனக்குப் போன் செய்து, நீ எந்தக் கட்சி, பொறி ஏன் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று விசாரித்தார்களாம். பிறகு, உன் மனு தேர்தல் சம்பந்தப்பட்டது என்பதால் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று கடிதம் வந்தது. அதைச் சரிசெய்வதற்குள் நிஜமாகவே தேர்தலை அறிவித்துவிட்டார்கள். அது முடிகிறவரை குறைதீர் கூட்டம் கிடையாது. அந்தக் கோடை முழுவதும் அப்படியே கையைவிட்டுப் போனது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நீ வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாங்கிப் படித்து, பழைய நகலை எடுத்துப் பார்த்து, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே சொல்லலாம். நீ என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டாய்.

"பூச்சி ஓலையில சுழி போட்டுச்சி. நீ காயிதத்துல சுழி போட்ட. ரெண்டு பேரும் சேந்து என் தோப்ப இன்னா பண்றதா இருக்கீங்க?" என்றாய்.

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ வீட்டுக்குப் போய் மகனிடம் இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியதை அவன் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

தேர்தல் முடிந்து நடந்த முதல் குறைதீர் கூட்டத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். திருத்திய மனுவைப் பத்துத் தரம் வாசித்துப் பார்த்துக் கொண்டுவந்திருந்தேன். ஆனாலும் பழைய கதை நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. உன் பேரைக் கூப்பிட்டதும், ஓட்டுப்பொறி அம்மா வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாய்.

"சிரிங்க. பேரு தப்புதான். ஆனா யோசனை பண்ணுங்க சார். ஊருக்கு ஒரு நாளா ஓட்டு வைக்கிறீங்க? ஒரு தொகுதின்னா எல்லா ஊருக்கும் ஒரே நாளு. ஏன்னா அப்பதான் செல்லும். இதுவும் ஓட்டு மாதிரிதான். பூச்சிக்குப் பட்டா இல்ல, சிட்டா இல்ல, அதுக்கு எந்தத் தோப்பும் ஒண்ணுதான். நான் இன்னிக்கிக் கட்டி அவுரு அடுத்த மாசம் கட்டுனா ரெண்டு பேரு ஓட்டும் செல்லாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவைத் திறந்து, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். என் தப்பை எடுத்து அதையே உன் வாதமாக்கிக்கொண்டாய். அதை எப்போது யோசித்தாய் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். எழுந்து நின்ற பிறகுதான் என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து செஞ்சி வரும்வரை தூங்கினாய். அப்படியெல்லாம் தூங்குகிறவள் இல்லையே நீ என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஐப்பசி மழையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் உன்னை உயிரோடு திருப்பிக் கொண்டுவரவில்லை.

போன வாரம் அறிவிப்பு வந்தது. தொண்டூர், மேல்சித்தாமூர், தளவானூர் என்று எல்லா ஊர்ப் பேரும் போட்டு, ஒரே தேதி. தட்டச்சு செய்ய என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மட்டையையும் கன்றையும் பற்றி நீ சொன்னதுகூட ஒரு வரியாக இருந்தது. ஒட்டுப்பொறி என்று சுழி இல்லாமல் அடித்தேன். ஆனால் யார் படிக்கிறார்கள்? ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனவன், நாளைக்கு ஓட்டுப்பொறி நாள் என்றுதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனான். ஜனங்களுக்கும் அதுதான் பேர். இனி அதை யாராலும் திருத்த முடியாது.

நேற்று கடையைச் சாத்திவிட்டு உன் தோப்புக்குப் போனேன். மரம் ஒன்றையும் உன் மகன் வெட்டவில்லை. அவனே ஓஸ் பைப்பைப் பிடித்து ஓலைக்கு அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். சாய்ந்த வெயிலில், ஏரிக்கரை நெடுக, பக்கத்துத் தோப்பு, அதற்கடுத்த தோப்பு என்று கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஓலைகளிலிருந்து நீர் சொட்டியது, இனிக்காத நீர். நீ எங்கேயோ மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது, கூப்பிட்டால் கலைந்துவிடும் என்று கூப்பிடவில்லை.

பதினேழு மரத்துக்குக் கட்டியாகிவிட்டது. வரப்போர மரத்தை மட்டும் அவன் எனக்காக விட்டுவைத்திருந்தான். அம்மா இருந்திருந்தா அதுதான் கட்டியிருக்கும், நீங்க கட்டுங்க பெரிம்மா என்றான். தாளை விரித்துப் பிடித்து ஆள்காட்டி விரலால் விளக்கெண்ணெயைத் தடவினேன். ஓட்டுச்சாவடியில் மை வைப்பார்களே, அந்த இடத்தில் எண்ணெய் பளபளத்தது.

கழுவ மனம் வரவில்லை. உன் பேரில் நான் போட்டது கள்ள ஓட்டுதான். யாரிடமும் சொல்லிவிடாதே.