கல்லில் வெட்ட ஒரு வரி

ஸ்டெல்லன்போஷ்
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் வெஸ்ஸலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்தேன், நான் நலம். நீயும் லீசலும் குழந்தையும் ஆக்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கர்த்தர் துணை செய்யட்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட உதடு மாதிரி இருக்கிறது, தொட்டால் இருப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கவலைப்படாதே. சபைப் பெண்கள் கோழிக்கறி அடைத்துச் சுட்ட 'பை'யும் பால் டார்ட்டும் கொண்டுவந்த பாத்திரங்களுக்கு அடியில் பேர் எழுதின பிளாஸ்டர் ஒட்டியிருக்கும் இல்லையா, அதைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். போன இடமெல்லாம் அப்பாவைப் பற்றி ஒரே பேச்சு, "கிதியோன் எழுதின அந்தக் கவிதை, அடேயப்பா, மனுசன் உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சிருந்தாரா" என்று. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விஷயமே அதுதான். அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில், அப்பா மேசையில் கிடந்த நாலு வரியை எடுத்து உன் ஹெஸ்டர் அத்தை அவர் பெயரில் போட்டுவிட்டாள், போதகரும் வாசித்தார், சபையே மூக்கைச் சிந்தியது. அது அப்பா எழுதியது இல்லை. யாத்விகா மெல்னிட்ஸ்கா என்று போலந்தில் எப்போதோ இறந்துபோன ஒரு பெண்மணி எழுதியது, அப்பா அதை நம் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கொண்டுவந்தார், அவ்வளவுதான். யுத்த காலத்தில் போலந்திலிருந்து அநாதையாக வந்து ஊட்ஸ்ஹோர்ன் ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு டீச்சரிடம் போலிஷ் கற்றுக்கொண்ட பண்ணைப் பையன் அவர், "போலிஷ் படிச்சு ஆடுகளுக்கா சொல்லிக்குடுக்கப்போற" என்று உன் தாத்தா கேலி செய்வாராம். பிறகு பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆப்பிரிக்கான்ஸ் இலக்கியம் நடத்தினார், நம் கவிஞர்களைப் பற்றித் தலையணை தலையணையாக ஆராய்ச்சி எழுதினார், மிச்ச நேரமெல்லாம் போலந்துக்காரர்களை மொழிபெயர்த்துக்கொண்டு அவர்களோடுதான் குடித்தனம். ஒரு தடவை பதிப்பகத்தார் அட்டையில் இவர் பெயரைப் பெரிதாகவும் எழுதினவர் பெயரைப் பொடியாகவும் போட்டுவிட்டார்கள், "மேல அவரு பேரு, கீழ என் பேரு, மாத்திப் போட்டா நான் திருடன்" என்று சண்டை போட்டு அட்டையையே மாற்றவைத்தார். அப்படிப்பட்டவரை வாய் மூடினதும் நாமே திருடனாக்கிவிட்டோம்.

அத்தோடு விட்டாளா, அதே நாலு வரியைக் கல்லறைக் கல்லில் வெட்டச் சொல்லி பார்ல் ஊரில் இருக்கும் கல் பட்டறையில் அத்தை சொல்லிவைத்துவிட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். "போலந்துக்காரி எந்திரிச்சு வந்து கேக்கப்போறாளா ரைக்கி, அழகா இருக்கில்ல, விடு" என்கிறாள். போதகர், அப்படியானால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் போடலாமே என்றார், அதுவும் மொழிபெயர்ப்புதானே ஐயா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அப்பாவுடைய சொந்த வரி ஒன்று கிடைக்குமா என்று அவர் புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். எல்லாம் 'எனக் கருத இடமுண்டு', 'எனலாம்' என்றுதான் முடிகிறது, அதைக் கல்லில் வெட்டினால் செத்தாரா இல்லையா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வரும்.

நேற்று மழையில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு பார்லுக்குப் போனேன். கல் வெட்டும் ஃபோர்டேன் அந்த நாலு வரியைப் பென்சிலால் கல்லில் வரைந்தே வைத்திருந்தார், உளி படவில்லை. அழித்துவிடுங்கள் என்றேன். "அப்ப என்னம்மா போடறது, சனிக்கிழமை கல்லு நடணுமே" என்றார். பிறகு அவரே, "சரி, ஐயா வீட்டுல அடிக்கடி என்ன சொல்லுவாரு" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது, "இன்னும் சரியா வரல." காலையில் அப்பா காப்பிக்கு அறையை விட்டு வரும்போது மொழிபெயர்ப்பு எப்படிப் போகிறது என்று கேட்பேன், நாற்பது வருஷமும் அதே பதில்தான், புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் சொல்வார். ஃபோர்டேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லறையில இதையா? யோசிச்சுக்கோங்கம்மா, வெட்டினா அழிக்க முடியாது" என்றார். வெட்டுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிச்சிருங்கம்மா என்றார், நானும் சிரித்தேன். திரும்பக் காரில் வந்து உட்கார்ந்தேன், அங்கேயும் அழுகை வரவில்லை. ஆனால் அப்பா குரல் கேட்டது, இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

அத்தை என்னோடு பேசுவதில்லை. ஊர் சிரிக்கும் என்று போதகரிடம் சொல்லி அழுதாளாம். சிரிக்கட்டும்.

வெதுவெதுப்பான உடுப்பாகப் போட்டுக்கொள், லீசலோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். நீயும் அந்த நாலு வரியை 'என் அப்பாவின் வார்த்தைகள்' என்று ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறாய், பக்கத்து வீட்டுப் பெண் காட்டினாள். கோபமில்லை, உண்மையை உனக்கு யார் சொன்னார்கள். இன்றைக்கே திருத்திவிடு கண்ணு. மேலே அந்த அம்மாள் பேரைப் போடு, அப்பாவைக் கீழே போடு.

உன் அம்மா
ரைக்கி