திரை விழும்வரை மேடையில்

பிரிக்பீல்ட்ஸ்
5 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கிள்ளானுக்கும் எனக்கும் நடுவே ஒரு ரயில் தூரம்தான். ஆனாலும் கடிதம் எழுதுகிறேன். நடிப்புப் பயிற்சி முடியும்வரை வீட்டுக்குப் போன் பேசக்கூடாது, எழுதத்தான் வேண்டும் என்பது சல்மா டீச்சரின் சட்டம். பேசும்போது பாதியை விழுங்கிவிடுகிறோமாம்.

இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை அம்மா. முதல் நாள் ஒரு நாற்காலியைப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னார். நான் கடிகாரம் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், கழுத்தை நீட்டினேன்.

"நீ பஸ்ஸுக்குக் காத்திருக்கல. நாங்க பார்க்கணும்னு உக்காந்திருக்க" என்றார்.

எத்தனையோ புத்தகங்கள் படித்தும் விளங்காதது அந்த ஒரு வரியில் விளங்கியது. பிறகு அவரே உட்கார்ந்தார். ஒன்றுமே செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பஸ் வராத கோபம் வந்தது.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது. மேடையில் என்னைப் பார்த்துவிட்டு நீங்கள் வேண்டாம் என்றால், நடிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் நாகையா மாமாவின் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

அன்பு மகள்,
மலர்விழி


கிள்ளான்
13 மே 2024

அன்பு மலருக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். தபால் தலை கேட்டால் கவுண்டரில் இருக்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். உன் டீச்சரிடம் வாட்ஸ்அப் இல்லையா?

நாற்காலியில் சும்மா உட்காரவா ஃபீஸ் கட்டினாய்? உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அதை இலவசமாகச் செய்கிறார்.

நாடகத்துக்கு வேன் பேசியாயிற்று. புஷ்பவல்லி அத்தை, நாகையா மாமா, பந்திங்கில் இருக்கும் பெரியப்பா குடும்பம், பக்கத்து வீட்டு ஜாபர் அலி அண்ணன், எல்லோரும் வருகிறோம். "நம்ம மலருதான் ஹீரோயின் லா" என்று அத்தை காய்கறி வாங்கப் போன பாசார் முழுக்கச் சொல்லிவிட்டாள். மாமா உன் மேசையைத் துடைத்தே வைத்துவிட்டார். உனக்கு என்ன வேடம்? வசனம் நிறையவா?

அம்மா,
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
24 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வேடம் கிடைத்துவிட்டது. எல்லோரையும் சோதித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மலர்விழிதான் என்றார் டீச்சர். இருப்பதிலேயே கடினமான வேடமாம். திரை விலகும்போது மேடையில் இருப்பேன், விழும்வரை இருப்பேன். கதையே என்னைச் சுற்றித்தான். எல்லோரும் என்னைப் பற்றியே பேசுவார்கள், சிலர் அழுவார்கள். வசனம் குறைவு. மிகவும் குறைவு. ஒத்திகையில் ஒரே ஒரு தவறு செய்தேன், தும்மிவிட்டேன்.

வேன் சின்னதாக இருந்தாலும் போதும் அம்மா. அத்தைக்கு ஏசி ஒத்துக்கொள்ளாதே, அவசியம் வரத்தான் வேண்டுமா?

அன்பு மகள்,
மலர்விழி


கிள்ளான்
10 ஜூன் 2024

மலருக்கு,

நாடகம் முடிந்ததும் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறினோம் என்று யோசித்திருப்பாய். பிணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மிடம் இல்லை.

திரை விலகியதும் வெள்ளைத் துணியும் தலைமாட்டில் விளக்கும் தெரிந்தன. "மலரு எப்ப வரும்?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்துத் துணியை விலக்கினார்கள். நெற்றியில் நாணயத்தோடு நீ. அத்தைக்கு நாடகம் மறந்துபோயிற்று. எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். அதுவும் நாடகம் என்று சனங்கள் கைதட்டினார்கள். ஜாபர் அலி அண்ணன் மட்டும், "மூச்சு ஓடுதும்மா, பயப்படாத" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். மாமா வாசல் பைப்பிலேயே புதுச் சட்டையோடு நனைந்தார். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் இன்றுவரை நான் பேனாவையே தொடவில்லை.

ஆனால் ஒன்று. அத்தை கதறியபோது எனக்கே சிரிப்பு வந்தது, உனக்கு வரவில்லை. ஒரு கொசு உன் கன்னத்தில் உட்கார்ந்து ஆற அமரக் குடித்துவிட்டுப் போனது. நீ அசையவில்லை. பல் டாக்டரிடம் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்த பிள்ளை நீ. பார்க்கப் பார்க்க, யாரோ பெற்ற பிள்ளை போய்விட்டதே என்று அழுதேன். அது என் பிள்ளை என்று பிறகுதான் நினைவு வந்தது. உன் டீச்சர் கெட்டிக்காரிதான்.

மேசைக்கு வேறு ஆள் பார்க்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தபிறகு அவருக்கும் வேலைக்கு வைக்கத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. நேரே உள்ளே நுழைந்துவிடாதே, ஆரத்தி கரைத்து வைத்திருப்பேன். அத்தை உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாடகத்துக்கு முன்வரிசையும் வேண்டுமாம்.

திரும்ப வகுப்புக்குக் கிளம்பும்போது, எல்லோர் காதிலும் விழும்படி "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போ.

அம்மா