இருபத்திரண்டு கிணறும் ஒரு குடலை இட்லியும்

மாசி 4, செவ்வாய்
புழுக்கம். செங்கல்பட்டில் ராமேஸ்வரம் வண்டி ஏறியாயிற்று. எங்கள் தெருத் தறிக்காரக் குடும்பங்கள், எல்லாம் ஜோடி ஜோடியாக. நான் சமையல். சாமான்: அண்டா இரண்டு, இட்லி வேகவைக்கும் மூங்கில் குடலை, மந்தாரை இலை, அரிசி, மிளகு, சுக்கு. இருமல் மருந்து மறந்துவிட்டது. அதெல்லாம் என் வீட்டுக்காரி ருக்கு எடுத்து வைப்பாள்.

போன வருஷம் வரை அவள்தான் எனக்குக் கையாள். ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வண்டியில் பக்கத்து இடம் காலி. அதில் அண்டாவை உட்கார வைத்தேன். "இன்னா வரதா, புது சம்சாரமா?" என்று கேட்டார் யாத்திரைத் தலைவர் முதலியார். "ஆமாங்க. வாயே தொறக்க மாட்டா, தங்கமானவ" என்றேன். பெட்டியே சிரித்தது. நானும்.

மாசி 5, புதன்
பாம்பன் பாலம். கீழே கடல், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சத்திரத்தில் இறங்கியதும் அடுப்பு. மற்றவர்கள் ராமர் பாதம் பார்க்கப் போனார்கள். பகல் சாப்பாடு: புளியோதரை, அப்பளம். ராஜாத்தியம்மாள், பட்டுக்கடைக்காரர் வீட்டுக்கார அம்மாள், வழக்கம்போல்: "இன்னாபா இது, கடல் பக்கத்துல இருக்குதுன்னு உப்பு போடாம வுட்டுட்டியா?" "உங்க வாயில இருக்கிறதே போதும்னு நெனச்சேன்மா." வருஷா வருஷம் இதே சண்டை. ருக்கு பின்னால் நின்று சிரிப்பாள்.

பாதம் எப்படி இருக்குது என்று கேட்டேன். ஒருத்தர் பெரியது என்கிறார், ஒருத்தர் சின்னது என்கிறார். எத்தனை வருஷமாக வருகிறேன். நான் பார்த்தது: சத்திரத்துக் கிணறு, விறகுக்கடை, தேங்காய் மண்டி.

மாசி 6, வியாழன்
காற்று. அடுப்பு நிற்கவில்லை, கண் எரிச்சல்.

எல்லாரும் லாரியில் தனுஷ்கோடி. புயல் கொண்டுபோனது போக மிச்சம் இருக்கும் சுவரும் கூரையில்லாத கோயிலும் பார்த்து வந்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பருப்பு மிஞ்சிவிட்டது.

சாயங்காலம் மாவு ஆட்டினேன். நாளை ராத்திரி ஊர் திரும்பும் வண்டி. முதலியாருக்கு வழிக்குக் குடலை இட்லிதான் வேண்டுமாம், இரண்டு நாள் கெடாது.

ஆட்டும்போது ஒன்று தோன்றியது. குடலை இட்லி வேக மூன்று மணி நேரமாவது பிடிக்கும். தோசை, உப்புமா போல எதிரிலேயே நிற்க வேண்டாம். ருக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்: "ஒரு தபாவாவது அடுப்ப வுட்டுட்டு, ரெண்டு பேரும் கோயிலுக்குள்ள அந்த இருபத்திரண்டு கிணத்துத் தண்ணியும் தலையில ஊத்திக்கினு வந்துடலாம்யா." அடுத்த வருஷம் என்பேன். போன வருஷமும் அதையே சொன்னேன்.

நாளைக்குப் போகப்போகிறேன்.

மாசி 7, வெள்ளி
நல்ல வெயில்.

எல்லாரும் கடைவீதிக்குப் போனதும் குடலையை அண்டாவுக்குள் வைத்து அடுப்பில் ஏற்றினேன். அடித் தண்ணீரில் ஓட்டைக் காலணா போட்டேன். தண்ணீர் இருக்கும்வரை அது கடகடவென்று ஆடும். நின்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். காது கொடுத்துக் கேட்பது ருக்கு வேலை. இன்று கேட்க ஆளில்லை. கூடுதலாக இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடினேன்.

கடலில் முழுகி எழுந்து கோயிலுக்குள். வாளிக்காரப் பையனைப் பிடித்தேன். கிணறு கிணறாகக் கூட வந்து இறைத்து ஊற்றுவான்.

"எத்தன பேருண்ணே?"

"ரெண்டு."

"இன்னொருத்தவுக எங்க?"

"வருவா. பொடவ மாத்திக்கினு இருக்கா."

அவன் நிஜமாகவே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் கூட்டம் தள்ளுகிறது. "ஊத்துப்பா, அவ எப்பவுமே லேட்டு" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

அவன் வாளியைக் கிணற்றில் இறக்கினான். ஒரு வாளி என் தலையில். ஒரு வாளி எனக்கு இடதுபக்கம், வெறும் கல்லில்.

அடுத்த கிணற்றிலும் அப்படியே. நான் சொல்லவேயில்லை.

பாதிக் கிணறு ஆனபோது குடலை ஞாபகம் வந்தது. ஒற்றை ஆளாக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். வாளி இரண்டு என்றால் நேரமும் இரண்டு. காலணா இந்நேரம் நின்றிருக்கும். திரும்பிப் போயிருக்கலாம். "இன்னும் இருக்குண்ணே, வாங்க" என்றான். போனேன். கடைசிக் கிணறு வரை.

சத்திர வாசலிலேயே தெரிந்துவிட்டது. சத்தமே இல்லை. உள்ளே தீய்ந்த நாற்றம். காலணா கறுத்து அடியில் ஒட்டிக் கிடந்தது.

மாசி 8, சனி
வண்டியில். வெளியே மூடுபனி.

வேறு வழியில்லை, அடிப்பக்கம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுத்தேன். முழுக்கத் தீய்ந்த வாடை. பாதிக் கிணற்றிலிருந்தே ராஜாத்தியம்மாளுக்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பதில். ருக்கு கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ராஜாத்தியம்மாள் ஒரு வாய் தின்றார். ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த என் ஈர வேட்டியைப் பார்த்தார். அண்டா உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார்.

"இன்னொரு துண்டு வைப்பா" என்றார்.

வைத்தேன்.