மத்தியானம் ஒன்று பத்துக்கு வருபவர்

மார்ச் 3, செவ்வாய்

நூலகத்தில் இன்று பதினெட்டுப் பேர். ஆறு கணினியும் நன்கொடையாக வந்த பழைய சரக்கு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டதால்தான் உயிரோடு இருக்கின்றன. ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்தது, தட்டியது எல்லாம் தானாக அழிந்துவிடும்படி அமைத்திருக்கிறேன். ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்து, "நான் எதைத் தேடினேன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "யாருக்கும் தெரியாதுங்க, எனக்குக்கூட" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்புக் கோப்பைத் திறக்கும் முன் ஒன்றைக் கவனித்தேன். கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம்: இன்று மதியம் 1:10. அப்போது நான் நூலகத்தில் இருந்தேன், என் வீட்டுக்காரர் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில். வீடு பூட்டியிருந்தது.

மார்ச் 4, புதன்

இன்று 1:12.

மார்ச் 6, வெள்ளி

நேற்று 1:10, இன்று 1:09. காப்புப் பிரதி எடுக்கும் வேலை அதிகாலையில்தான் ஓடும். வைரஸ் தேடும் நிரல் எதுவும் கிடையாது. பிறகு எது என் நாட்குறிப்பைத் திறக்கிறது?

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டபடியே, "உன் கதைய நான் கேக்கறதில்லன்னு பெட்டியாவது கேக்குது போல" என்றார். பெட்டி என்பது எங்கள் பழைய மடிக்கணினி. திரை உடைந்துபோனதால் மூடிவைத்து, செருப்பு அலமாரியின் மேல்தட்டில், வெளியிலிருந்தும் இணையம் வழியாகத் திறக்கும்படி, சர்வராக ஓட்டுகிறேன். புகைப்படங்கள், கடிதங்கள், இந்த நாட்குறிப்பு எல்லாம் அதில்தான். அடுத்தவன் நிறுவனத்தில் என் வீட்டு விஷயத்தை வைப்பானேன் என்று நானே கட்டியது.

மார்ச் 9, திங்கள்

காய்ச்சல். விடுப்பு. அவர் கடைக்குப் போய்விட்டார். கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. தெருவில்கூடச் சத்தம் இல்லை.

ஒன்று பத்துக்குப் பெட்டியின் விசிறி சுற்ற ஆரம்பித்தது.

யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல இருந்தது. பச்சை விளக்கு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. எதற்குத் தெரியும்? காய்ச்சல்காரிக்கு வரும் யோசனைதான். கொஞ்ச நேரத்தில் விசிறி அடங்கியது.

பிறகு லாகைப் பிரித்துப் பார்த்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெட்டி எழுதிவைக்கும் பதிவேடு அது. 1:10க்கு வெளியிலிருந்து ஒரு லாகின். தப்பாக முயன்று பார்த்த தடயம் எதுவும் இல்லை. நேராகக் கதவைத் திறந்து வந்திருக்கிறது. வந்தவர் பெயர் என் பெயர்.

நான் பாயில் படுத்திருந்தேன். நானே உள்ளே வந்து, படித்துவிட்டு, வெளியே போயிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. பழைய லாகுகளைத் தோண்டினேன். ஐந்து மாதமாக, ஞாயிறு உட்பட, அநேகமாக எல்லா நாளும் ஒரு வருகை. எதையும் எடுக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. திறந்தது இந்த ஒரு கோப்பைத்தான். நான் எழுதாத நாளுக்கு மறுநாள் பத்து வினாடி. ஒரு பக்கம் எழுதினால் மூன்று நிமிடம், நான்கு நிமிடம்.

அப்படியானால் அது நிரல் இல்லை. ஆள். இதைப் படிக்கிற ஆள். இந்த வரியையும் நாளை படிப்பார். கதவைச் சாத்த எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் சாத்திவிட்டால் யாரென்று தெரியாமலே போய்விடும்.

மார்ச் 11, புதன்

யார் நீ?

மார்ச் 12, வியாழன்

1:09க்கு வந்தார். இரண்டு சொல்லைப் படிக்கப் பதினொரு நிமிடம் இருந்திருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி. காகிதத்தில்

வழியில் ஒரு நோட்டு வாங்கினேன். இதை மட்டும் கோப்பில் எழுத முடியாது.

பெட்டிக்குள் வரப் பாஸ்வேர்டு இல்லை, வருகிற கணினியில் இருக்கும் ஒரு சாவிக்கோப்புதான். எந்தெந்தச் சாவியை உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் இரண்டு இருக்க வேண்டும்: நூலகக் கணினி, என் இப்போதைய மடிக்கணினி. மூன்று இருந்தன. மூன்றாவதன் தேதி எட்டு வருடம் பழையது. நான் அப்போது வைத்திருந்த கறுப்பு மடிக்கணினியின் சாவி. அதனால்தான் என் பெயரிலேயே உள்ளே வருகிறது.

அந்தக் கறுப்பு மடிக்கணினியை எங்கள் வாண்டு கல்லூரி சேர்ந்தபோது அவளிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை லினக்ஸை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கோப்புறையை, கண்ணுக்குத் தெரியாத கோப்புகளோடு, அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். சாவியும் கூடவே வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற கம்ப்யூட்டர் அக்காவின் லட்சணம் இது.

என் பெண் வருகிறாள். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வருகிறாள்.

மார்ச் 14, சனி. காகிதத்தில்

அவள் போய்ப் பதினான்கு மாதம். "நல்லா இருக்கேன். தேடாதீங்க." அப்பாவுக்கு அந்த ஒரு செய்திதான். பிறகு எண்ணையும் மாற்றிவிட்டாள்.

ஏன் போனாள் என்று இதுவரை எங்கும் எழுதியதில்லை. விளம்பரத்தை வடிகட்டுவதற்காக வீட்டு இணையம் முழுவதையும் பெட்டி வழியாக விட்டிருந்தேன். யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் பெயர் பெட்டியில் பதிவாகும். "அதெல்லாம் நான் பாக்க மாட்டேன்" என்று அவரிடமும் அவளிடமும் சொல்லியிருந்தேன். ஒருநாள் பார்த்தேன். ஒரு மாதமாக மனநல ஆலோசனைத் தளங்களையே அவள் திறந்திருந்தாள். பயந்துபோனேன். பதறிய வாய் சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில், அவள் அத்தை உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டேன்: "உனக்கு என்னடா கஷ்டம்? ஏன் அந்தத் தளத்துக்கெல்லாம் போற?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "பாக்க மாட்டேன்னுதானேம்மா சொன்ன?" அடுத்த வாரம் அவள் அறை காலி.

மார்ச் 16, திங்கள். காகிதத்தில்

அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ ஒண்ணும் பண்ணிவைக்காத" என்றார்.

லாகில் இருக்கும் இணைய முகவரியை வைத்து அவள் இருக்கும் ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அவருக்குக் காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பார்க்க ஆள் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 18, புதன். காகிதத்தில்

நேற்று கோப்பில் எழுதியது பொய். அவர் கல்லுக்குண்டாக இருக்கிறார். ஒரு அழைப்பு வரட்டும், குரலைக் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

1:10க்கு வந்திருக்கிறாள். 1:13க்கு அவர் போன் அடித்திருக்கிறது. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"'அப்பா, எந்த ஆஸ்பத்திரி?'ன்னு அழறா. எனக்கு ஒண்ணும் புரியல. 'நான் கடையில லென்ஸ் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்டா, எனக்கென்ன'ன்னேன். அப்புறம், 'அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சாப்பா?'ன்னா. வெச்சுட்டா."

"என்ன எழுதின?" என்று கேட்டார். காட்டினேன். படித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் சாப்பிடாமல் படுத்தது இதுதான் முதல் முறை.

மார்ச் 19, வியாழன்

வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து பெட்டியின் எதிரில் உட்கார்ந்தேன். விளக்கு ஒரே நிதானத்தில் எரிந்தது. விசிறி சுற்றவில்லை. இத்தனை நாளும் யாரோ உள்ளே வருகிறார்கள் என்று பயந்தேன். இன்றைக்குத்தான் உண்மையான பயம். பேயாக இருந்தாலும் வந்து தொலையேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மார்ச் 25, புதன்

நூலகத்தில் ஒரு பெண் கேட்டாள், "அக்கா, நான் என்ன பாத்தேன்னு அப்புறமா யாராவது எடுத்துப் பாக்க முடியுமா?" முடியாது என்றேன். இந்த முறை தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். வீட்டில் லாகைத் திறக்கப் போன கை பாதியில் நின்றது. வந்தாளா, எத்தனை நிமிடம், எந்த ஊரிலிருந்து... இதைத்தானே அன்றும் செய்தேன்?

மார்ச் 27, வெள்ளி

வாண்டு, காகிதத்தில் எழுதியதை எல்லாம் மேலே அந்தந்தத் தேதியில் சேர்த்துத் தட்டியிருக்கிறேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. உன் அப்பா நன்றாக இருக்கிறார். நெஞ்சுவலி என்று பொய் எழுதியது நான். அன்று மேசையில் கேட்டதும் நான்தான். இரண்டும் ஒரே தப்பு. மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இன்று செய்தவை: உள்ளே வருபவரைப் பதிவு செய்வதை நிறுத்தினேன். இருந்த லாகுகளை அழித்தேன். கோப்பு எப்போது படிக்கப்பட்டது என்று குறித்துவைப்பதையும் நிறுத்தினேன். வீட்டு இணையப் பதிவும் போயிற்று. ஊர்ப் பெயர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். ஊரை மறக்க ஒரு கட்டளை இருந்தால் அதையும் தட்டியிருப்பேன்.

மூன்றாவது சாவியை எடுக்கவில்லை. நீ வந்தால் எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் தெரியாது.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். அவர் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார், உப்பு அதிகம் என்றார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குச் செருப்பை மாட்டினேன். "இந்த வெயில்ல எங்க போற?" என்றார். "சும்மா" என்றேன். நாலு தெரு நடந்தேன். கடைகள் மூடியிருந்தன. பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மணியைப் பார்க்கக் கூடாது என்று போனை வீட்டிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நீ போனதும் அந்தப் பெட்டி..."

"சொல்லாதீங்க" என்றேன்.

என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சாப்பிட உட்கார்ந்தோம்.