காதுக்குப் பின்னால் ஒரு திருகாணி

ஜூன் 3

பூச்சுக்காரருக்கு,

நான் நலம், என் காதும் நலம். காது மெஷினை மாட்டப் பின்னால் எலும்பில் முடுக்கியிருந்த பழைய திருகாணியை எடுத்துவிட்டு, உங்கள் கம்பெனியில் கிருமி அண்டாத பூச்சு பூசியதைப் போட்டு நான்கு மாதமாகிறது. அது தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் சீழ் இல்லை, சிவப்புகூட இல்லை. "இனிமே தினமும் ஒருத்தர் பின்னாடி நின்னு தேய்க்க வேணாம், நீங்களே தொடச்சுக்கலாம்" என்றார் டாக்டர். பன்னிரண்டு வருடம் நீங்களும், நீங்கள் வெளிநாடு போன இந்த மூன்று வருடம் பக்கத்து வீட்டம்மாவும் பார்த்த காலை உத்தியோகம் போயே போய்விட்டது. நான் உட்காரும் ஸ்டூலும் உங்கள் குட்டி பிரஷும் கண்ணாடி முன்னால் அப்படியேதான் இருக்கின்றன. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, என் உச்சந்தலையில் தாடையை ஊன்றிக்கொண்டு தேய்ப்பீர்களே, அப்போது வாய் ஓயாமல் அசைவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். என்னதான் பேசினீர்கள்?

டீச்சர்

ஜூன் 19

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தை இங்கே எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் முறை சீழ் பிடித்தபோது, காய்ச்சலோடு நீ பரீட்சைத் தாள் திருத்தியது கண்ணிலேயே நிற்கிறது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றால் நம்புவாயா? சொல்லாமல் கிளம்பியவன் சொல்லும் கதை, நம்பாவிட்டாலும் தப்பில்லை.

பேச்செல்லாம் ஒன்றுமில்லை, பழைய பாட்டுகள். உனக்குத்தான் கேட்காதே என்று கண்டபடி பாடுவேன்.

டிசம்பரோடு இங்கே ஒப்பந்தம் முடிகிறது. தேய்க்க ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. வீட்டில் எனக்கு வேறு வேலை ஏதாவது இருக்கிறதா?

உன் பூச்சுக்காரன்

ஜூலை 7

பூச்சுக்காரருக்கு,

பாட்டாம் பாட்டு! என் கோளாறு வெளிக்காதில்தான், உள்காது நன்றாகவே இருக்கிறது. எலும்பு வழியாகக் கேட்கத்தானே அந்தத் திருகாணியே! தாடையை மண்டையில் ஊன்றிப் பேசினால் கேட்காமல் எங்கே போகும்? தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தை அளக்கிற மனிதருக்கு இது தோன்றவில்லையே!

எல்லாம் கேட்டேன். கல்யாணமான முதல் வருடம், "இந்த மச்சம் எனக்கே எனக்கு" என்றீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! கடைசி மாதம் தினமும் ஒன்றேதான்: "வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போகாதீங்கன்னு நீயா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

நான் சொல்லவில்லை. மெஷினை மாட்டிய பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று வீம்பாகக் காத்திருந்தேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். மூன்று வருடமாக உங்கள் மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம்.

வேலை கேட்டிருந்தீர்கள், இருக்கிறது. ஸ்டூலை எடுத்து என் நாற்காலிக்கு எதிரே போட்டுவிட்டேன். டிசம்பரில் வந்து அதில் உட்காருங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். மெஷினை மாட்டிக்கொண்டு கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தையை நானும் வாய் திறந்து சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்